ரிப்போர்ட் வந்தால்தான் தெரியும்

"அப்ப இதை நான் வாங்கலாமா, வேணாமா சார்?" என்று அந்த அம்மா கேட்டார். "ரிப்போர்ட் வந்தாத்தாம்மா தெரியும்" என்றேன். பூச்சிமருந்து ஆய்வாளர் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்?

திருப்பாலைக்குடிப் பக்கம் ஒரு உரக்கடை. ஃபிப்ரோனில் 5 சதவீதப் பூச்சிமருந்தில் ஒரே பேட்ச்சாக மூன்று பாட்டில் எடுத்து, துணி சுற்றி, அரக்கு உருக்கி முத்திரை வைத்துக்கொண்டிருந்தேன். ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று வழக்கு என்று போனால் கோர்ட்டுக்கு. ஆய்வகத்துக்குப் போவதில் கம்பெனி பெயர்கூட இருக்காது, ரகசியக் குறியீடு மட்டும்தான். 1968-ம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டமும் நடைமுறையும் இதிலெல்லாம் ரொம்பக் கவனம். அதே பேட்ச்சின் நான்காவது பாட்டில் அந்த அம்மா கையில் இருந்தது.

விற்பனையை நிறுத்த எனக்கு அதிகாரம் உண்டு, 30 நாள் வரை. ஆனால் சட்டத்துக்கு முரணானது என்று நம்பக் காரணம் வேண்டும். அன்றைக்கு எடுத்தது மாதாந்திர இலக்குக்கான மாதிரி. லைசென்ஸ் சுவரில் தொங்குகிறது, பில் புத்தகம் சரி, மூடி உடையவில்லை. மாதிரி எடுத்த பேட்ச்சையெல்லாம் நிறுத்தினால் சீசனில் எந்தக் கடையும் ஓடாது. நிறுத்தியிருந்தாலும் அந்த அம்மா சும்மா வீட்டுக்குப் போயிருக்க மாட்டார். பைக்கில் கொண்டுவந்து விற்கும் 'பயோ' மருந்துக் கேன் வாங்கியிருப்பார். அதில் விஷத்தின் வீரியத்தைக் காட்டும் வண்ண முக்கோணமும் கிடையாது, பேட்ச் நம்பரும் கிடையாது.

இவ்வளவும் சரிதான். ஆனால் அவர் மஞ்சப்பையில் ஒரு மிளகாய்க் கொப்பு கொண்டுவந்திருந்தார். நான் பார்த்தேன். இலை மேல்பக்கமாக ஓடம்போல மடங்கியிருந்தது. கீழ்ப்பக்கமாக வளைந்திருந்தால் சிலந்திப்பேன், அதற்கு வேறு மருந்து. இது இலைப்பேன். அவர் கையில் இருந்தது அதற்கு லேபிளிலேயே சொல்லியிருக்கிற மருந்து. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். வேறு நாளாக இருந்தால் சொல்லியிருப்பேன், எத்தனை மில்லி கலக்க வேண்டும் என்பதையும் சேர்த்து. முத்திரைக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் அது சர்டிபிகேட் ஆகிவிடும். நாளைக்கு அதே பேட்ச் ஃபெயில் ஆனால், "ஆய்வாளரே வாங்கச் சொன்னார்" என்று கடைக்காரரின் வக்கீல் எழுந்து நிற்பார். போதாததற்கு, மிளகாய் தோட்டக்கலைத் துறையின் பயிர், நான் வேளாண்மைத் துறை. (இந்தக் காரணம் எனக்கே கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது.)

பதில் சொன்னது கடைக்காரர். "கொண்டுபோங்கக்கா, ஏம் பொறுப்பு. காசு மிளகாய் வித்துட்டுக் குடுங்க." என் பதில் சட்டப்படி சரி. அவர் பதிலை வைத்துக்கொண்டு ஒருவர் வீட்டுக்குப் போக முடிந்தது.

ரிப்போர்ட் வந்தது. தரமானது. அதோடு மனசு ஆறியிருக்க வேண்டும். ஆனால் தரமானது என்றால், லேபிளில் போட்ட சதவீதம் பாட்டிலுக்குள் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். பூச்சி செத்ததா, பறிப்புக்கு முன் எத்தனை நாள் விட்டார்கள், காய்ந்த வத்தலில் எவ்வளவு நஞ்சு நிற்கிறது என்பதெல்லாம் அந்தத் தாளில் வராது. ஃபெயில் ஆகியிருந்தால் கடைக்காரர் 28 நாளுக்குள் மறுப்புத் தெரிவிக்கலாம், கோர்ட் வழியாக ஃபரிதாபாத் மத்திய ஆய்வகம் வரைக்கும் போகலாம். அதற்குத்தான் கோர்ட்டுக்கென்று ஒரு பங்கை எடுத்துவைக்கிறோம். மூன்று பங்கில் ஒன்றுகூட வாங்குகிறவருக்கு இல்லை என்பது அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. இருந்தாலும், கொடுத்தால் அதை வைத்து அவர் என்ன செய்வார் என்றும் தெரியவில்லை.

உடன் வேலை பார்க்கும் ஒருவரிடம் சொன்னேன். "ஆய்வாளர் பேசக் கூடாது, எழுதணும், அவ்வளவுதான்" என்றார். நியாயம்தான். அந்தக் கொப்பைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் மாதிரி எடுக்கப் போகும்போது கடையில் ஆள் நின்றால், முதலில் அவர்களுக்கு வேண்டியதைக் கொடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு அப்புறம்தான் பையைத் திறக்கிறேன். கடைக்காரர்களுக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.