படகு வீட்டுக் குறிப்புகள்: பிரான்ஸ்டனிலிருந்து காஸ்குரோவ் வரை

அக்டோபர் 8, பிரான்ஸ்டன்

நாளையோடு 14 நாள் முடிகிறது. கிளம்பியாக வேண்டும். எங்களைப் போலப் படகு கட்ட நிரந்தர இடம் எடுக்காமல் இங்கிலாந்துக் கால்வாய்களில் படகிலேயே குடியிருப்பவர்கள் ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் கட்டி நிற்கக்கூடாது என்று 1995இல் வந்த சட்டம் சொல்கிறது. பையன் வேலைக்குப் போனதும் லண்டன் வீட்டை விற்றுவிட்டு இந்த இரும்புப் படகில் ஏறினோம். மூன்று வருடம் ஆகிறது. நீளம் 57 அடி, அகலம் 6 அடி 10 அங்குலம். என் கணவர் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தால் ஏறக்குறைய இரண்டு சுவரும் தட்டும்.

காலை முழுக்கத் தண்ணீர் பிடிப்பதில் போனது. தொட்டி 500 லிட்டர். தலைக்குக் குளிக்கும் நாட்களைக் கணக்குப் பண்ணி வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கு எட்டு ஒன்பது நாள் வரும். மரக்காணத்தில் அம்மா குடத்துத் தண்ணீரைக் கண்ணாலேயே அளந்துதான் செலவழிப்பாள். லண்டனில் இருபது வருடம் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்த்தவள் நான். இப்போது அரிசி களைந்த தண்ணீரைக்கூடக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு எடுத்து வைக்கிறேன். இந்தப் பழக்கம் திரும்பி வந்ததில் எனக்கு நிஜமான சந்தோஷம்.

சாயங்காலம் மேட்டில் இருக்கிற தேவாலயத்துக்கு ஒரு நடை போனேன். ‘கால்வாய்களின் பேராலயம்’ என்று படகுக்காரர்கள் அதைச் சொல்வார்கள். சரக்குப் படகிலேயே வாழ்ந்து முடித்தவர்கள் பலர் அந்தத் தோட்டத்தில்தான் புதைந்திருக்கிறார்கள். கல்லறைகளுக்கு நடுவில் நின்று கீழே பார்த்தால் எங்கள் படகின் புகைபோக்கி தெரிந்தது.

அக்டோபர் 9, நார்ட்டன் சந்திப்பு

ஆறு லாக் ஏறி, சுரங்கம் கடந்து வந்தாயிற்று.

படகில் ஏறாதவர்களுக்காக: லாக் என்பது தண்ணீரால் ஆன படிக்கட்டு. இரண்டு முனையிலும் பெரிய மரக்கதவு வைத்த செங்கல் தொட்டி. படகு உள்ளே போனதும் பின்கதவைச் சாத்தி, மேல்பக்கத்து மதகுகளைக் கைப்பிடி போட்டுச் சுற்றித் தூக்கினால் தண்ணீர் புகுந்து படகை மேலே ஏற்றிவிடும். அவ்வளவுதான். 200 வருடத்துக்கு மேலாக இதே முறை, இதே கைவேலை.

இந்தப் பக்கத்து லாக்குகள் 14 அடி அகலம். எங்களைப் போன்ற இரண்டு படகு ஒட்டி நிற்கலாம். அதனால் பின்னால் வேறு படகு வருகிறதா என்று பார்த்துக் காத்திருப்பது இங்கே மரியாதை. ஒரு தடவை நிரப்ப இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் ஆகும். டாவென்ட்ரி, டிரேட்டன் ஏரிகளிலிருந்து கால்வாயின் உயரமான இந்தப் பகுதிக்கு வருகிற தண்ணீர் அது. இன்று அரைமணி நேரம் காத்திருந்து, தனியாகப் படகு ஓட்டி வந்த ஒரு பெரியவரோடு சேர்ந்து ஏறினோம். இவர் இரண்டு படகுக்கும் மதகு தூக்கினார். பெரியவர் எங்களுக்குப் பாதி ஆப்பிள் கேக் கொடுத்தார்.

அக்டோபர் 12, வில்ட்டன்

இதை எழுதுவதற்கு மூன்று மணி நேரம் ஆற வேண்டியிருந்தது.

பக்பியில் ஏழு லாக் இறக்கம். ஏறும்போது வராத பயம் இறங்கும்போது வரும். மேல்கதவுக்கு அடியில் படி மாதிரி ஒரு கல்மேடை நீட்டிக்கொண்டிருக்கும். ‘சில்’ என்பார்கள். தொட்டி நிறைந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. சுவரில் வெள்ளைக் கோடு போட்டு வைத்திருப்பார்கள். படகின் பின்பக்கம் அந்தக் கோட்டுக்கு முன்னாலேயே இருக்க வேண்டும். தண்ணீர் இறங்கும்போது பின்பக்கம் அந்த மேடையில் உட்கார்ந்துவிட்டால், முன்பக்கம் மட்டும் இறங்கிப் படகு சாய்ந்து தண்ணீர் புகுந்துவிடும். நிமிடக் கணக்கில் மூழ்கிய படகுகள் உண்டு.

நாலாவது லாக்கில் நான் சுக்கான் பிடித்திருந்தேன். இவர் கரையில். முன்கதவில் இடிக்காமல் இருக்க இன்ஜினை லேசாகப் பின்னுக்கு ஓடவிட்டேன். நியூட்ரலுக்குத் திருப்ப மறந்துபோனேன். முதலில் ஒரு சத்தம், தேங்காய் துருவுகிற மாதிரி, காலுக்கு அடியில். அப்புறம் சமையலறையில் டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. படகு மூக்கைக் கீழே போட்டது. “ஏங்க, மூடுங்க! மூடுங்க!” என்று கத்தினேன். அவர் ஒரு கணம்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொக்கியை விடுவித்து மதகைப் பொத்தென்று இறக்கினார், மறுபக்கத்துக்கு ஓடி அதையும் இறக்கினார். பிறகு மேல்மதகைக் கால்வாசி மட்டும் தூக்கினார். தண்ணீர் மெல்ல ஏற ஏறப் படகு மேடையை விட்டு எழும்பியது. சாய்ந்தது ஒரு சாண் இருந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் என் முழங்கால் நடுங்குவது நிற்கவில்லை.

கரைப்பாதையில் நாயோடு வந்த ஒரு அம்மாள் நின்று பார்த்துவிட்டு, தன் படகிலிருந்து டீ கொண்டுவந்து கொடுத்தார். “எனக்கும் ஒரு தடவை நடந்தது” என்று மட்டும் சொன்னார். மீதி மூன்று லாக்கையும் நான்தான் இறக்கினேன். இன்று விட்டுவிட்டால் இனிமேல் சுக்கானைத் தொடமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 15, வீடன்

மழை. அடுப்பில் நிலக்கரி, மேலே சாம்பார். ஜன்னல்களில் வியர்த்துக் கொட்டுகிறது. காலையில் எழுந்ததும் முதல் வேலை துணியால் துடைப்பது. பக்கத்திலேயே லண்டன் ரயில்கள் பறக்கின்றன. எங்கள் வேகம் மணிக்கு நாலு மைலைத் தாண்டக்கூடாது, கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதிலும் பாதி.

இன்ஜின் திடீரென்று திணறியது. பின்பக்க மூடியைத் திறந்து இவர் தோள்வரை கையை விட்டு, விசிறியில் சுற்றியிருந்த ஒரு முழு ரெயின்கோட்டை வெட்டி எடுத்தார். அரைமணி நேரம் அவர் விரல்களை என் கைக்குள் வைத்துச் சூடேற்றினேன்.

அக்டோபர் 19, ஸ்டோக் புரூயன்

பிளிஸ்வொர்த் சுரங்கம். 3,076 கஜம், கிட்டத்தட்ட 2.8 கிலோமீட்டர். உள்ளே இரண்டு படகு எதிரெதிரே போகலாம், உரசுகிற மாதிரி. தூரத்தில் எதிர்ப்படகின் விளக்கு ஒரு நட்சத்திரம் போலத் தெரியும். பத்து நிமிடம் ஆனாலும் அது அங்கேயே நிற்கிற மாதிரி இருக்கும், பிறகு சட்டென்று முகத்துக்கு எதிரே வந்துவிடும். காற்றுக்காக மேலிருந்து வெட்டிய துளைகளின் அடியில் தண்ணீர் கொட்டுகிறது. குடை பிடித்தும் கழுத்து நனைந்தது.

கால்வாயின் மற்ற பகுதிகள் 1800இலேயே தயாராகிவிட்டன. மலைக்குள் தண்ணீர் ஊறி ஊறி இந்தச் சுரங்கம் மட்டும் 1805 வரை இழுத்தது. அதுவரை சரக்கை இறக்கி, மலைமேல் தண்டவாளம் போட்டுக் குதிரை வண்டியில் கொண்டுபோனார்கள். சுரங்கம் திறந்த பிறகும் உள்ளே நடைபாதை கிடையாது. படகை இழுத்துவரும் குதிரையை அவிழ்த்து மலைமேல் நடத்திக்கொண்டு போவார்கள். படகில் குறுக்கே போட்ட பலகையில் இரண்டு பேர் மல்லாந்து படுத்து, இரண்டு பக்கச் சுவரையும் காலால் உதைத்து உதைத்து, சரக்கேற்றிய படகை இருட்டில் நடத்துவார்கள். காலால் நடந்தே படகை ஓட்டுவது.

அதைச் சொல்லத்தான் அம்மாவுக்குப் போன் செய்தேன். “உங்க தாத்தாவும் அப்படித்தான்டி. மூங்கில் கழியைத் தோளில் முட்டுக்கொடுத்து, படகு ஓரத்துலயே முன்னாலேர்ந்து பின்னால வரைக்கும் நடப்பாரு. இந்தத் தோள்ல காய் காய்ச்சிருக்கும், தொட்டா கல்லு மாதிரி” என்றாள். மரக்காணத்து உப்பை மெட்ராசுக்குக் கொண்டுபோன படகு. பக்கிங்ஹாம் கால்வாயில்.

அக்டோபர் 21, அதே இடம்

பழைய மாவு மில்லில் இருக்கும் கால்வாய் அருங்காட்சியகத்துக்குப் போனோம். சரக்குப் படகின் பின் அறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். பத்தடிகூட இருக்காது. அதில் ஒரு அடுப்பு, மடக்குக் கட்டில், ரோஜாவும் கோட்டையும் வரைந்த தண்ணீர்க் குடம், ஒரு முழுக் குடும்பம். நாங்கள் 57 அடியில் இரண்டு பேர் இடம் போதவில்லை என்கிறோம்.

1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. சரக்கு லாரிக்குப் போனது, திரும்பி வரவில்லை. லாரியும் ரயிலும் ஏற்கெனவே பறித்துக்கொண்டிருந்ததை அந்தப் பனி முடித்துவைத்தது. அதற்குப் பிறகும் இந்தக் கால்வாய் பிழைத்ததற்குக் காரணம், பொழுதுபோக்குக்காகவும் குடியிருக்கவும் எங்களைப் போன்றவர்கள் வந்து சேர்ந்ததுதான். படகு போய்க்கொண்டிருக்கும் வரைக்கும்தான் கால்வாய்க்கு உயிர். போவது நின்றால் முதலில் சேறு, அப்புறம் நாணல், அப்புறம் குப்பை.

அக்டோபர் 26, காஸ்குரோவ்

மூன்று வருடமாக இங்கே வர வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

காஸ்குரோவ் லாக்குக்குச் சற்று மேலே வலதுபக்கமாக ஒரு கிளை பிரிகிறது. தொடக்கத்தில் கொஞ்ச தூரம் தண்ணீர் இருக்கிறது, படகுகள் கட்டியிருக்கின்றன. அதைத் தாண்டி நடந்தால் வறண்ட பள்ளம். புல், முள், நடுவில் வளர்ந்த மரங்கள். இதன் பெயர் பக்கிங்ஹாம் கிளை. 1801இல் பக்கிங்ஹாம் ஊர் வரை திறந்தது, சுமார் 10 மைல். 1964இல் அதிகாரபூர்வமாகக் கைவிட்டார்கள்.

இதைக் கொண்டுவர முன்நின்றவர் அந்த ஊருக்குப் பக்கத்து ஸ்டோவ் மாளிகையில் இருந்த பக்கிங்ஹாம் மார்க்விஸ் என்ற பிரபு. அவருடைய கொள்ளுப்பேரன்தான் 1875 முதல் 1880 வரை மதராஸ் கவர்னராக இருந்த பக்கிங்ஹாமின் மூன்றாம் டியூக். தாது வருஷப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாகப் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தவர்களை வைத்துக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே கால்வாய் வெட்டினார்கள். வடக்கே எண்ணூர் பக்கம் 1806லேயே தொடங்கிய பழைய கால்வாயோடு அது சேர்ந்தது. 1878இல் டியூக்கின் பெயரை வைத்தார்கள். வெட்டியவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அந்தப் பள்ளத்தில் இறங்கி நின்றேன். தாத்தாவின் கால்வாய்க்குப் பெயர் கொடுத்த குடும்பத்தின் கால்வாய், என் கால் நனையாமல். அங்கே ஊரில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் அது சாக்கடை. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கம் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்கு உள்ளேயே நிற்கின்றன. ஒரு தோணிகூடத் திரும்ப முடியாது. சின்ன வயதில் பஸ்ஸில் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்திருக்கிறேன். அது தாத்தா நடந்த வழி என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் கையை எடுத்திருப்பேன்.

இங்கே தன்னார்வலர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மீட்கிறார்கள். அடுத்த வாரம் முள் வெட்டும் வேலை இருக்கிறதாம். நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 31, காஸ்குரோவ்

தீபாவளி. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து இன்ஜின் போட முடியாது. இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை ஓட்டுவது அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு. அதனால் நிலக்கரி அடுப்பின் மேல் இரண்டு குண்டான் வைத்துத் தண்ணீர் காய்ச்சினேன். இவருக்கு முதலில், அப்புறம் எனக்கு. சீயக்காய் போட்டும் ஆளுக்கு ஒரு வாளியில் முடித்துவிட்டோம். படகு முழுக்க நல்லெண்ணெய் வாசனை. அம்மா போனில், “கங்கா ஸ்நானம் ஆச்சா?” என்றாள். “பக்கிங்ஹாம் ஸ்நானம் ஆச்சும்மா” என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “தண்ணி சுத்தமா இருக்கா?” என்று கேட்டாள்.

கேஸ் அடுப்பில் இரண்டு ஈடு முறுக்கு சுட்டேன். படகு ஆடுமோ என்று எண்ணெயை அரை வாணலிதான் ஊற்றினேன்.

நவம்பர் 3, காஸ்குரோவ்

முறுக்கு டப்பாவோடு வேலைக்குப் போனேன். பதினொரு பேர். ஓய்வு பெற்ற பொறியாளர்கள் இரண்டு பேர், ஒரு பள்ளிப் பையன், அவன் அம்மா. எனக்கு ஒரு ஜோடித் தோல் கையுறையும் நீளக் கத்தரியும் கொடுத்தார்கள். பிளாக்பெர்ரி முள்தண்டு விரல் கனம், வளைந்து வந்து தரையில் ஊன்றி மறுபடி வேர் விட்டிருக்கும். இரண்டு முனையிலும் வெட்ட வேண்டும். மதியத்துக்குள் எங்கள் வரிசை பதினைந்து அடி முன்னேறியது. தண்டுகளை இழுத்துப் போட்ட இடத்தில் பழைய கரையின் சரிவு தெரிந்தது, உளி வைத்துச் செதுக்கிய மாதிரி நேராக.

தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். ஒரு பெரியவர் வேலையை நிறுத்திவிட்டு, அந்தப் படகு எவ்வளவு நீளம், எவ்வளவு உப்பு ஏற்றும், எத்தனை நாளில் போய்ச் சேரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ராத்திரி அம்மாவிடம் கேட்டு எழுதி வைக்கிறேன் என்றேன்.

இப்போது கட்டைவிரலில் ஒரு முள், கையுறையைத் தாண்டி ஏறியிருக்கிறது. இவர் ஊசியை அடுப்புத் தணலில் காட்டிவிட்டுக் கண்ணாடியைத் தேடுகிறார். நாளை மறுநாள் லாக் இறங்கி, ஊஸ் ஆற்றின் மேல் கால்வாயைக் கொண்டுபோக 1811இல் போட்ட இரும்புத் தொட்டிப்பாலத்தைத் தாண்டி உல்வர்டன் போகிறோம். தண்ணீர் இன்னும் மூன்று நாளைக்கு இருக்கிறது.