கவிழ்த்தவை எல்லாம் தெரிந்த சொற்கள்

குரூப் 4 தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தபோது எனக்கு வயது 29. பகலில் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் வேலை. புத்தகத்தைத் திறக்கவே இரவு பத்து மணியாகிவிடும். வரலாறும் புவியியலும் ஓரளவு வந்தன. இந்திய ஆட்சியியல்தான் வயிற்றைக் கலக்கியது. அரசியலமைப்பில் எத்தனையாவது பிரிவு, எத்தனையாவது அட்டவணை என்று மனப்பாடம் செய்துகொண்டு போவேன். மாதிரித் தேர்வில் பாதி தவறாகும்.

ஒரு நாள் எரிச்சலில், தவறிய கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். இறையாண்மை, நீதிப்பேராணை போன்ற மிரட்டும் சொற்கள் அதில் இல்லை. அவை தெரியாது என்று தெரிந்ததால் தேடிப் படித்திருந்தேன். ஆட்கொணர்வு மனு என்ற சொல்லோ தானே பாடம் நடத்திவிடுகிறது: அடைத்து வைத்த ஆளைக் கொண்டுவந்து நீதிமன்றத்தில் நிறுத்து. நோட்டு முழுவதும் இருந்தவை வீட்டில் புழங்குகிற சொற்கள்.

முதலாவது மானியம். எங்கள் வீட்டில் மானியம் என்றால் சிலிண்டருக்காக வங்கிக் கணக்கில் விழுந்த பணம். ‘காவல் துறை மானியக் கோரிக்கை மீது விவாதம்’ என்ற செய்தியைப் பார்த்தால், போலீசாருக்கு எதற்கு மானியம் என்று பக்கத்தைப் புரட்டிவிடுவேன். இந்த ஆண்டுச் செலவுக்கு இவ்வளவு வேண்டும் என்று ஒவ்வொரு துறைக்காகவும் அரசு சட்டப்பேரவையிடம் கேட்பதுதான் அது. பேரவை வாக்களித்து, நிதி ஒதுக்க மசோதாவும் நிறைவேறிய பிறகே பணத்தை எடுக்கலாம். மக்களவையில் ஓர் உறுப்பினர், கேட்ட தொகையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். உங்கள் கொள்கையே எனக்குப் பிடிக்கவில்லை என்பதை அவைக்குரிய மரியாதையோடு சொல்லும் வழி. இந்தக் குசும்பு பிடித்துப்போனதால் அந்தப் பாடம் மறக்கவே இல்லை.

அடுத்தது அவசரச் சட்டம். அப்பாவிடம் கேட்டேன். “மிசாதானப்பா?” என்றார். விசாரணையில்லாமல் ஆட்களைச் சிறையில் அடைத்த மிசா சட்டத்தை, நெருக்கடி நிலைக் காலத்தில் பார்த்தவர். அவசரம் என்றாலே அவருக்கு 1975. நான் மட்டும் ஒழுங்கா? 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மதுரை தமுக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தவன். “அவசரச் சட்டம் வேண்டாம், நிரந்தரச் சட்டம் வேண்டும்” என்று தொண்டை கட்டக் கத்தியவன். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று அன்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

பேரவை கூட்டத்தொடரில் இல்லாதபோது, அமைச்சரவை சொல்லி ஆளுநர் பிறப்பிப்பது அவசரச் சட்டம், 213-ஆவது பிரிவு. பேரவை மீண்டும் கூடி ஆறு வாரத்துக்குள் அதைச் சட்டமாக்காவிட்டால் காலாவதி. ஜனவரி 21-இல் அவசரச் சட்டம் வந்தது, 23-இல் பேரவையில் மசோதா நிறைவேறியது, பிறகு குடியரசுத் தலைவரின் ஒப்புதல். நான் கத்திய முழக்கத்துக்குப் பொருள் ஐந்து ஆண்டு கழித்து நூலக மேசையில் புரிந்தது.

அதன் பிறகு முறையை மாற்றினேன். புதுச் சொல் வந்தால் பிரிவு எண்ணைத் தொடுவதில்லை. யார் செய்கிறார், யாரிடம் கேட்டுச் செய்கிறார், எத்தனை நாள் செல்லும் என்று மூன்று கேள்வி. எண் தானாக ஒட்டிக்கொண்டது.

தேர்ச்சி பெற்று வேலையில் சேர்ந்தேன். முதல் வாரமே கண்காணிப்பாளர், “தன்பதிவேடு எங்கே தம்பி?” என்றார். என்னைப் பற்றிய பதிவேடு போலிருக்கிறது என்று சான்றிதழ் கோப்பை எடுத்து நீட்டினேன். என் மேசைக்கு வரும் தபால்களைப் பதிவு செய்கிற நோட்டாம்.