நுரையீரல் கட்டிக்கு பெட்-எம்.ஆர்.ஐ.: எந்தக் கேள்விக்கு நம்பலாம்?

மார்த்தாண்டம், களியக்காவிளை, குலசேகரம் பக்கத்து ஆட்களில் பலர் நுரையீரலில் கட்டி என்றதும் திருவனந்தபுரத்துக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். அங்கே முதலில் சி.டி., அப்புறம் பெட்-சி.டி. என்று எழுதிக் கொடுப்பார்கள். பெட் என்பது கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை மருந்தை ஊசியில் போட்டு, அதை அதிகம் உறிஞ்சும் இடம் ஒளிர்வதைப் படம் எடுப்பது. அதோடு சி.டி. சேர்ந்தால் பெட்-சி.டி., எம்.ஆர்.ஐ. சேர்ந்தால் பெட்-எம்.ஆர்.ஐ. "பெட்-எம்.ஆர்.ஐ.ன்னு ஒண்ணு இருக்காமே, அது இன்னும் நல்லதாமே, கடன உடன வாங்கியாவது எடுத்திரலாமா?" என்று இப்போது வீட்டார் கேட்கிறார்கள். என் பதில் இதுதான்: நுரையீரலுக்கு சி.டி.க்குப் பதிலாக அதை எடுக்காதீர்கள். சி.டி. கையில் இருந்து, அதற்கு மேலும் ஒரு குறிப்பிட்ட கேள்வி பாக்கி இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

எம்.ஆர்.ஐ. உடம்பில் உள்ள நீர், கொழுப்பு இவற்றின் ஹைட்ரஜனிலிருந்து வரும் சிக்னலை வைத்துப் படம் போடுகிறது. நுரையீரலில் பெரும்பகுதி காற்று. போதாததற்கு, காற்றும் திசுவும் கோடிக்கணக்கான இடங்களில் ஒட்டிக் கிடப்பதால் காந்தப்புலம் அங்கங்கே குலைந்து, கொஞ்சநஞ்சம் வரும் சிக்னலும் ஒரு மில்லி விநாடிக்குள் அடங்கிவிடுகிறது. பெட்-எம்.ஆர்.ஐ. இயந்திரங்களின் காந்த வலிமை 3 டெஸ்லா. அதில் இன்னும் வேகமாக அடங்கும். யு.டி.இ., இசட்.டி.இ. என்ற அதிவேக முறைகள் இதை ஓரளவு ஈடுகட்டுகின்றன. அப்படியும், 1 மி.மீ. துண்டுகளாக எடுத்த சி.டி.யில் தெளிவாகத் தெரியும் 4, 5 மி.மீ. முடிச்சுகள் இதில் தவறிப்போகும். 8 மி.மீ.க்குக் கீழே பெட் பக்கமும் கைகொடுக்காது.

சின்ன முடிச்சுதானே என்று விட முடியாது. அது புற்று என்றால், நோய் எந்தக் கட்டம் என்று காட்டும் குறியீடே மாறும்: கட்டி இருக்கும் அதே மடலில் (நுரையீரலின் பிரிவில்) இருந்தால் டி3, அதே பக்கத்து வேறு மடலில் இருந்தால் டி4, எதிர்ப்பக்க நுரையீரலில் இருந்தால் எம்1ஏ, அதாவது பரவிய புற்று. ஒரு முடிச்சைத் தவறவிட்டால் சிகிச்சையே மாறிப்போகும்.

அடுத்தது எஸ்.யு.வி. எண், அதாவது பெட் மருந்தை ஓர் இடம் எவ்வளவு உறிஞ்சியது என்று காட்டும் எண். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் தேடுவது இதைத்தான். மருந்திலிருந்து புறப்படும் கதிர்களில் ஒரு பங்கை உடம்பே விழுங்கிவிடும். எவ்வளவு விழுங்கியது என்று கணக்கிட்டுத் திருத்தினால்தான் எண் சரியாக வரும். பெட்-சி.டி.யில் அந்தக் கணக்கை சி.டி. கொடுத்துவிடுகிறது. எம்.ஆர்.ஐ.யால் அது முடியாது. டிக்சன் என்ற முறையில் உடம்பைக் காற்று, நுரையீரல், கொழுப்பு, மென்திசு என நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையான எண்ணைப் போட்டுக்கொள்கிறது. பீடி பிடித்து ஊதிப்போன நுரையீரலுக்கும் நீர் கோத்த நுரையீரலுக்கும் ஒரே எண். எலும்பை மென்திசுவாகக் கணக்கில் எடுக்கும் மென்பொருளில், எலும்புக்குப் பரவிய புற்று உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். பைபாஸ் ஆபரேஷன் ஆனவர் என்றால் நெஞ்செலும்பில் உள்ள கம்பியைச் சுற்றிப் படம் கறுத்துப்போகும். மென்பொருள் அதைக் காற்று என்று எடுத்துக்கொள்ள, அந்த இடத்தின் எண் இறங்கும்.

ஆகவே கீமோவுக்கு முன் பெட்-சி.டி., பின் பெட்-எம்.ஆர்.ஐ. என்று எடுத்து, 9 இருந்தது 7 ஆனதே என்று நிம்மதி அடைய வேண்டாம். கட்டி அடங்கியிருக்கலாம், இயந்திரம் மாறியதாலும் இருக்கலாம். தொடர் ஸ்கேனை ஒரே வகை இயந்திரத்தில், முடிந்தால் அதே இயந்திரத்தில் எடுங்கள். ஊசிக்கும் படத்துக்கும் இடையிலான நேரமும், வழக்கமாக 60 நிமிடம், இரண்டு தடவையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மூச்சு இன்னொரு தலைவலி. திருத்தத்துக்கான எம்.ஆர்.ஐ. படம் மூச்சைப் பிடித்து எடுப்பது. பெட் பல நிமிடம் சாதாரண மூச்சில் எடுப்பது. உதரவிதானத்துக்குப் பக்கத்தில் உள்ள கீழ்மடல் கட்டி அதற்குள் மேலும் கீழுமாக ஒன்றிரண்டு செ.மீ. நகர்ந்து, படத்தில் பரவித் தெரியும், எண்ணும் குறையும். மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டு அங்கேயே பிடித்தால் பொருத்தம் நன்றாக இருக்கும். ஆனால் மூச்சிரைப்பு உள்ள பெரியவர்களால் பதினைந்து விநாடி தாக்குப்பிடிப்பதே கஷ்டம். குழாய்க்குள் அந்தச் சத்தத்தில், பதிவு செய்த குரல் தெரியாத மொழியில் வந்தால் அவ்வளவுதான். உள்ளே போகும் முன்பே டெக்னீஷியனிடம் சொல்லி, "விடு… பிடி… இனி மூச்சு எடு" என்று நாலைந்து தடவை பழகிவிடுங்கள்.

நிணநீர்க் கணு விஷயத்தில் நம் பக்கத்துக்கு என்றே ஒரு சிக்கல் உண்டு. குவாரியிலும் கிரஷரிலும் வேலை பார்த்தவர்களுக்கு சிலிக்கா தூசியால் கணுக்கள் வீங்கியிருக்கும். பழைய காசநோய்க் கணுக்களும் அப்படித்தான். இரண்டும் பெட்டில் புற்றைப்போலவே ஒளிரும். இரு பக்கமும் ஒரே மாதிரி ஒளிர்ந்து, சி.டி.யில் சுண்ணாம்பு படிந்திருந்தால் தூசியையோ பழைய காசநோயையோ சந்தேகிக்கலாம். அந்தச் சுண்ணாம்பு எம்.ஆர்.ஐ.யில் சரியாகத் தெரியாது. மாறாக, தூசியால் நுரையீரலே கட்டிபோல இறுகிக் கிடந்தால், டி2 என்ற ஒரு வகை எம்.ஆர்.ஐ. படத்தில் (முன்பு சொன்ன டி3, டி4 குறியீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) அது கறுப்பாகத் தெரியும், புற்று வெளுப்பாகத் தெரியும். இந்த ஒரு இடத்தில் எம்.ஆர்.ஐ. உண்மையாகவே உதவுகிறது. எந்த ஸ்கேன் ஆனாலும், ஒளிர்ந்த கணுவை மட்டும் வைத்து "ஆபரேஷன் முடியாது" என்று முடிவு கட்டவிடாதீர்கள். ஈபஸ் என்ற, நுனியில் அல்ட்ராசவுண்ட் உள்ள கருவியால் மூச்சுக்குழாய் வழியாக ஊசி போட்டு, கணுவிலிருந்து சாம்பிள் எடுத்துப் பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சு. பழைய வேலையை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

நுரையீரல் உச்சியில் வரும் பான்கோஸ்ட் கட்டி, கைக்குப் போகும் நரம்புகளையும் மார்புச் சுவரையும் தொட்டிருக்கிறதா என்பதற்கு எம்.ஆர்.ஐ.தான் தேவை. கல்லீரல் புள்ளி, அட்ரினல் (சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பி) வீக்கம் இவற்றுக்கும் அது நல்லது. மூளைக்குச் சொல்லவே வேண்டாம்: மூளை இயல்பாகவே சர்க்கரையை உறிஞ்சி ஒளிர்வதால் பெட்டில் அங்கே பரவியது மறைந்துபோகும், காடோலினியம் என்ற, படத்தைத் தெளிவாக்கும் மருந்தை ஊசியில் போட்டு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் தெரியும். ஆனால் இவற்றையெல்லாம் பெட்-சி.டி.யோடு, அந்தந்த இடத்துக்குத் தனி எம்.ஆர்.ஐ. எடுத்தும் பெறலாம். பெட்-எம்.ஆர்.ஐ. இந்தியாவில் சில ஊர்களில்தான் இருக்கிறது. அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

எடுப்பது என்று முடிவானால், ஆறு மணி நேரம் பட்டினி. "கட்டன்சாயாதானே" என்று வழியில் குடிப்பவர்கள் உண்டு. அதில் சீனி இருக்கிறது, படம் கெடும். தண்ணீர் மட்டும் போதும். ரத்த சுகர் 200க்குக் கீழே இருக்க வேண்டும். முந்தின நாள் ரப்பர் வெட்டு, சுமடு எதுவும் வேண்டாம், தசைகள் ஒளிர்ந்துவிடும். பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். வெல்டிங், கிரைண்டிங் வேலையில் கண்ணில் இரும்புத் தூள் பட்டிருந்தால் அதையும். வெள்ளி அரைஞாணும் தாயத்தும் வீட்டிலேயே இருக்கட்டும். பெட்-சி.டி. முடிந்த அளவு நேரத்தில் இது முடியாது, முக்கால் மணி நேரத்துக்கு மேல் அசையாமல் படுக்க வேண்டும். முதுகுவலிக்காரர் என்றால் மாத்திரை பற்றி டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

பழைய சி.டி.யை ஃபிலிமாகவோ போனில் எடுத்த போட்டோவாகவோ கொண்டுபோகாதீர்கள். எடுத்த இடத்தில் 1 மி.மீ. படங்கள் முழுவதையும் டைகாம் வடிவில் (ஸ்கேன் இயந்திரம் தரும் மூலக் கணினிக் கோப்பு) கம்ப்யூட்டர் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் எழுத்தில் கேளுங்கள்.