பள்ளத்தூர் வீட்டில் பதினெட்டு நாள்

நவம்பர் 27

செட்டிநாடு ரயில் நிலையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் பள்ளத்தூர் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. வீட்டுக்கார ஆச்சி முகப்பிலேயே நின்றிருந்தார். என்னைப் பார்த்து "வாங்க" என்றார். அப்புறம் என் கணவரைப் பார்த்துத் தனியாக ஒரு "வாங்க". அடுப்படியில் சமையல் வேலை செய்யும் அம்மாவும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எங்கள் இருவரையும் ஆளுக்கொரு முறை அழைத்துவிட்டுப் போனார். இந்தப் பக்கத்து வழக்கம் அது. வந்தவரை வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தன் வாயால் அழைக்க வேண்டும்.

மகளின் பிரசவத்துக்காக ஆச்சி நாளை இரவு திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறார். திரும்பி வரும்வரை வீட்டையும் முத்துவையும் நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். முத்து பதினொரு வயது நாட்டு நாய், செவலை நிறம். ஒரு நாள் முன்னதாக வருகிறோம் என்று கேட்டது நான்தான். ஆச்சி எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நாய் பார்க்க வேண்டும். அவர் கையால் எங்களிடம் ஒப்படைப்பது அதற்குப் புரியும்.

இந்த வேலையை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது லண்டனில் இருக்கும் என் அக்கா மகள். 2010இல் பிரிட்டனில் தொடங்கிய டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ் என்ற இணையதளம் வழியாக அவள் ஊர் ஊராகப் போய்த் தங்குகிறாள். வீட்டுக்காரரும் தங்குகிறவரும் ஆண்டுச் சந்தா கட்டுவார்கள். அவர்களுக்குள் காசு கைமாறாது. தங்க இடம், பதிலுக்குக் கவனிப்பு. இவர் ஓய்வு பெற்றபின் நாங்களும் தெரிந்தவர் வீடுகளில் இப்படித் தங்க ஆரம்பித்தோம். இது நான்காவது வீடு.

நவம்பர் 28

ஆச்சி ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தார். அவர் கையெழுத்து, நீல மை. முதல் பக்கத்திலேயே முத்துவுக்கு வலிப்பு வரும் என்று எழுதியிருந்தார். பீனோபார்பிட்டோன் மாத்திரை காலை 7, இரவு 7. ஒரு வேளைகூட விடக்கூடாது, சட்டென்று நிறுத்தினால் வலிப்பு கூடும். வந்துவிட்டால் வாயில் கை வைக்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் சாமானை நகர்த்துங்கள், மணியைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே காரைக்குடி டாக்டர். அந்த டாக்டருக்கு ஒரு கடிதம், "இவர்கள் சொன்னால் எந்த வைத்தியமும் செய்யலாம்" என்று. கூடவே ஒரு உறையில் 5,000 ரூபாய்.

படிக்கும்போதே மனம் லேசானது. போன வருடம் ஒரு பெரிய நகரத்தில் நாய் பார்க்கப் போனோம். அந்த நாய் அதற்கு முன் இரண்டு பேரைக் கடித்திருந்தது. சொன்னால் யாரும் வரமாட்டார்கள் என்று வீட்டுக்காரர்கள் மறைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் இவர் கையில் கடி. முதல் நாள், 3, 7, 14, 28 என்று ஐந்து ஊசி. கடித்த நாயின் மேல் இன்றுவரை எனக்குக் கோபம் இல்லை. சொல்லியிருந்தால் நாங்கள் போயிருப்போம், கொஞ்சம் எட்டி நின்று பழகியிருப்போம். அங்கே கூடத்தில் காமிரா வேறு இருந்தது. அதையும் நாங்களாகத்தான் கண்டுபிடித்தோம்.

ஆச்சி தன் போனை எடுத்து, முகப்பில் இருக்கும் ஒரே காமிரா எதுவரை பார்க்கிறது என்று காட்டினார். "வளவுக்குள்ள ஒண்ணும் கிடையாது. நிம்மதியா இருங்க." முற்றத்தைச் சுற்றி அறைகள் இருக்கும் உள்பகுதியைத்தான் வளவு என்பார்கள்.

காரில் ஏறும்போது சொன்னது: "யாரு வந்தாலும் நீங்கதான் வாங்கன்னு சொல்லணும். வீடு வாய் திறக்காம இருக்கக் கூடாது."

நவம்பர் 30

விடாத மழை. முற்றத்தில் விழும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, அதை ஒட்டி உயர்ந்திருக்கும் பட்டாலையில் உட்கார்ந்திருந்தோம். மூன்று மணிக்குப் பார்த்தால் தண்ணீர் வடியவில்லை. பட்டாலை விளிம்புக்கு நாலு விரல் கீழே நிற்கிறது. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் துழாவியதில், மடைவாயில் வேப்பஞ்சருகு ஒரு கூடை. எடுத்ததும் சர்ரென்று இறங்கிவிட்டது. நோட்டில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆச்சி ஒவ்வொரு மழைக்கும் தானாகவே செய்கிற வேலையாக இருக்கும், எழுதத் தோன்றியிருக்காது.

டிசம்பர் 3

திருக்கார்த்திகை. அடுத்தவர் வீட்டில் விளக்கு ஏற்றலாமா என்று காலையிலிருந்து யோசனை. ஆச்சியிடம் கேட்டேன். "கேக்கணுமா? எண்ணெய் இரண்டாங்கட்டு அலமாரியில இருக்கு" என்று பதில் வந்தது. கேட்டது தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். தங்க வந்தவருக்குச் சமைக்க, குளிக்க, தூங்க உரிமை உண்டு. சாமி காரியம் வீட்டுக்காரர் சொன்னபிறகுதான்.

ஆத்தங்குடிக் கல் தரையில் எண்ணெய் சிந்தாமல் ஒவ்வொரு அகலுக்கும் கீழே வாழையிலைத் துண்டு வைத்தேன். படம் அனுப்பினேன். பேரன் பிறந்துவிட்டானாம்!

டிசம்பர் 6

இன்று நடந்ததை எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

இரவு எட்டே முக்காலுக்கு வாசலில் ஒரு பெரியவர், கையில் பையும் ஒரு சாவியும். கோயம்புத்தூரிலிருந்து வருகிறாராம். இந்த வீட்டுப் பங்காளி, வளவில் இடப்பக்கம் மூன்றாவது வீடு அவருடையதாம். செட்டிநாட்டில் பெரிய வீடு ஒருவருக்குச் சொந்தமாக இருப்பது குறைவு. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் ஓர் அறை, அதைத்தான் வீடு என்பார்கள். தலைமுறை கடந்தும் அந்தப் பூட்டின் சாவி எங்கோ ஓர் ஊரில் ஒருவரிடம் இருக்கும். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் நோட்டில் பங்காளிகள் பேரே இல்லை.

"வாங்க" என்றேன். இவரும் எழுந்து வந்து "வாங்க" என்றார். ஆனால் "உள்ளே" என்ற சொல் எனக்கு வரவில்லை. முகப்பில் பாய் விரித்து, தண்ணீர் கொடுத்து, ஆச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்றேன். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். அங்கே பதினொன்றே கால். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

"எங்க அப்பச்சி பொறந்த வீடு இது. நான் வாசல்ல உக்காரணுமா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பது நிமிடம் கழித்து ஆச்சியே கூப்பிட்டார். போனை அவரிடமே கொடுத்தேன். பேசினார், எழுந்தார், நேராக மூன்றாவது பூட்டைத் திறந்து உள்ளே போனார். தோசை வார்க்கட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

டிசம்பர் 7

விடியற்காலையில் ஒரு பித்தளை அண்டாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். போகும்போது முத்துவின் தலையைத் தடவினார். எங்களிடம் "வர்றேன்" என்றார், அவ்வளவுதான்.

நேற்று வேறு எப்படி நடந்திருக்க முடியும் என்று இரவெல்லாம் புரட்டிப் பார்த்தேன். கதவைத் திறந்துவிட நாங்கள் யார், மறித்து நிறுத்தத்தான் நாங்கள் யார்.

டிசம்பர் 10

நேற்று பிள்ளையார்பட்டி போனோம். நாயை நாலு மணி நேரத்துக்கு மேல் தனியே விடுவதில்லை என்று ஆச்சியிடம் பேசியிருந்ததால் ஓட்டமாகப் போய் ஓட்டமாக வந்தோம். இரவு ஏழு மணி மாத்திரை வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தாயிற்று.

அப்படியும் இன்று அதிகாலை மூன்றரைக்கு முத்துவுக்கு வலிப்பு வந்துவிட்டது. தரையில் கால்கள் உதைபடும் சத்தம் கேட்டு ஓடினோம். இவர் மணியைப் பார்த்தார், நான் மர ஸ்டூலை நகர்த்தினேன். இரண்டு நிமிடம் பத்து விநாடி. நின்றபின் எங்களையே தெரியாத மாதிரி சுவர் ஓரமாக நடந்துகொண்டிருந்தது. அதுவும் நோட்டில் இருந்ததால், பிடித்து நிறுத்தாமல் விட்டுவிட்டோம். அரை மணியில் வந்து என் பாதத்தில் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டது.

பிள்ளை பெற்ற வீட்டில் கலக்கம் வேண்டாமே என்று இவருக்கு ஒரு எண்ணம். நான் சம்மதிக்கவில்லை. டாக்டரிடம் பேசிவிட்டு, அவர் சொன்னதையும் சேர்த்து ஏழு மணிக்கெல்லாம் ஆச்சிக்குச் சொல்லிவிட்டேன். மாத்திரை அளவு மாற்ற வேண்டாம், மறுபடி வந்தால் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். அதோடு, மங்குத் தட்டு ஒன்று கை தவறி விழுந்து ஓரம் தெறித்ததையும் சொன்னேன். படமும் அனுப்பினேன்.

டிசம்பர் 14

தரையை வெறும் தண்ணீரில் துடைத்தோம். ஆத்தங்குடிக் கல்லில் ஆசிட் படக்கூடாது. படுக்கை விரிப்பைத் துவைத்து உலர்த்தி மடித்தோம். உறையில் 5,000 அப்படியே இருக்கிறது. பால் கணக்கை எழுதி அதன்மேல் வைத்தேன். பயணம் வந்தவர் வெறும் அடுப்பைப் பார்க்கக் கூடாது என்று, அடுப்படி அம்மாவை வரச்சொல்லி இடியாப்பத்துக்கு ஏற்பாடு செய்தேன்.

கார் வந்து நின்றதும் முத்து என்னைத் தாண்டிப் பாய்ந்தது. நானும் பழக்கத்தில் படியிறங்கி "வாங்க ஆச்சி" என்றுவிட்டேன். அவர் வீட்டுக்கு அவரையே. ஆச்சி ஒரு கணம் நின்று பார்த்தார். "வந்தேன் வந்தேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பேரன் படங்களைக் காட்டிவிட்டு நோட்டை எடுத்துவரச் சொன்னார். "கோயம்புத்தூர்க்காரக என்கிட்ட வருத்தப்பட்டாக. உங்க மேல இல்ல, எம்மேல. எழுதி வைக்காதது என் தப்பு" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பங்காளிகள் ஏழு பேர், எந்த வீடு, போன் நம்பர், வந்தால் நேரே உள்ளே விடலாம் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினார்.

"அப்புறம் என்ன விட்டேன்?"

முற்றத்து மடைவாயைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"அப்புறம்?"

இடியாப்பம் ஆறுகிறது என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.