மில்ஃபோர்ட் சவுண்டில் நனைந்த கதை

காலை ஆறு மணிக்கு விடுதியின் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்த அம்மா கேட்ட முதல் கேள்வி: "காசைத் திருப்பிக் குடுப்பாங்களாடா?"

தே அனாவில் அப்படியொரு மழை. நியூசிலாந்துப் பயணத்தில் நாங்கள் மலைபோல் நம்பியிருந்தது இந்த ஒரு நாளைத்தான். மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு உள்ளே புகுந்திருக்கும் மில்ஃபோர்ட் சவுண்டில் இரண்டு மணி நேரப் படகுச் சவாரி. மாதக்கணக்கில் என் கணினித் திரையில் இருந்த படம் அது: நீல வானம், சலனமில்லாத தண்ணீர், அதில் தலைகீழாக மைட்டர் சிகரம். அன்றைக்குச் சிகரம் இருக்கட்டும், எதிர்ச்சாரியில் நின்ற வண்டிகளே சரியாகத் தெரியவில்லை.

படகு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். "சாலை திறந்திருக்கிறது, படகும் போகும். இன்றைக்கு வருவது உங்கள் அதிர்ஷ்டம்" என்றார் அந்தப் பெண். காசைத் திருப்பித் தராமலிருக்க இப்படியும் ஒரு வசனமா என்று எரிச்சலாக வந்தது.

சுமார் 120 கிலோமீட்டர் பேருந்துப் பயணம். வழியெங்கும் அம்மா தூங்கினார், நான் புலம்பினேன். கடைசியில் ஹோமர் சுரங்கப்பாதை. மலையைக் குடைந்து 1.2 கிலோமீட்டர். 1935இல் கடப்பாரையும் தள்ளுவண்டியுமாகச் சில ஆட்கள் தொடங்கிய வேலை, 1954இல்தான் பாதையாகத் திறந்தது. அதற்குள் இருட்டில் போய் மறுபக்கம் வெளியே வந்ததும் டிரைவர் வேகத்தைக் குறைத்தார். பேருந்துக்குள் ஒரே சத்தம். செங்குத்தான பாறைச் சுவர்கள் முழுக்க அருவி. கணக்கே இல்லை. சில, நூல் மாதிரி. சில, யாரோ குடத்தைக் கவிழ்த்த மாதிரி. அம்மா எழுந்து உட்கார்ந்தார். "இதெல்லாம் எப்பவும் இருக்குமா?"

இருக்காது. அதுதான் விஷயம். அங்கே வருடம் முழுக்க ஓடும் பெரிய அருவிகள் இரண்டே இரண்டு: லேடி போவென், ஸ்டிர்லிங். மற்றதெல்லாம் மழைக்குப் பிறந்து மழையோடு போய்விடுபவை. பனியாறு வழித்தெடுத்த கெட்டிப் பாறை, தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ள மண்ணே கிடையாது. பெய்தது பெய்தபடி வழிந்துவிடும். அந்தச் சுவரிலும் மரம் இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். பாசியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றின் வேரை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. மேலே ஒன்று பிடி நழுவினால் கீழே இருப்பதையெல்லாம் இழுத்துக்கொண்டு வரும். அப்படிச் சரிந்த இடங்கள் பாறையில் வெளிறிய கோடுகளாகத் தெரிந்தன.

படகில் ஏறியதும் எல்லோரும் கீழ்த்தளத்தில் அடைந்துகொண்டார்கள். இத்தனை பேர் மூச்சு விட்டால் கண்ணாடி என்ன ஆகும்? ஐந்தே நிமிடத்தில் வெள்ளையடித்தது போல ஆகிவிட்டது. கையால் துடைத்து, துடைத்த இடம் மூடுவதற்குள் எட்டிப் பார்க்க வேண்டும். நான் குடையோடு மேல்தளத்துக்குப் போனேன். முட்டாள்தனம். முதல் வளைவிலேயே காற்று குடையைத் தாமரைப் பூவாக மலர்த்திவிட்டது. மழைக்கோட்டு இல்லாமல் இந்தப் படகில் ஏறாதீர்கள். ஜீன்ஸும் வேண்டாம், நனைந்தால் அது மாலை வரை உங்களோடுதான் இருக்கும். போனின் தொடுதிரையோ மழைத்துளியை விரல் என்று நினைத்துத் தானே என்னென்னவோ செய்துகொண்டிருந்தது. பத்துப் படம் எடுத்தேன், பத்தும் கலங்கல். உள்ளே வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். மேகம் பாதி மலைக்கு மேல் மூடியிருந்ததால் அருவிகளுக்குத் தொடக்கமே இல்லை. நேராக வானத்திலிருந்து இறங்குவது போல இருந்தது. ஓரிடத்தில் காற்று வலுத்தபோது, விழுந்துகொண்டிருந்த ஓர் அருவி பாதி வழியில் மனம் மாறித் திரும்ப மேலே போனது. உண்மையாகவே மேலே. பக்கத்தில் நின்ற ஒருவரும் நானும் மொழி தெரியாமலேயே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

இங்கே ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, ஏறக்குறைய 180 நாள் பெய்யும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் என் கணினிப் படத்தில் இருந்தது பாதி ஊர்தான்.

கடல் வாய்க்குப் போனதும் டாஸ்மன் கடலின் அலை படகைத் தூக்கிப்போட்டது. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால், வந்த வழியைக் காணோம். இரண்டு பக்க மலையும் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து மூடிக்கொள்கின்றன. கேப்டன் குக் இந்தக் கரையோரமாகப் போயும் உள்ளே இப்படி ஓர் இடம் இருப்பதைக் கவனிக்கவில்லையாம். அந்த மழையில் நின்று பார்த்தபோது அவர்மேல் குற்றம் சொல்லத் தோன்றவில்லை.

திரும்பும் வழியில் ஸ்டிர்லிங் அருவி. ஏறக்குறைய 150 மீட்டர் உயரம். படகு மூக்கை நேராக அதன் அடிவரை கொண்டுபோகும். பணியாளர் ஒருவர் முன்தளத்தில் ஒரு தட்டு நிறைய டம்ளர்களை வைத்துவிட்டு ஒதுங்கினார். அப்போதுதான் பார்க்கிறேன், கணுக்கால் வரை தொங்கும் இரவல் மழைக்கோட்டோடு அம்மா முன்னால் நிற்கிறார்! முட்டிவலி என்று படியேற மறுத்தவர். சாரல் அடித்தது என்று சொல்ல முடியாது, அறைந்தது. மூச்சு முட்டி, கண்ணைத் திறந்தபோது டம்ளர்கள் நிறைந்திருந்தன. அம்மா ஒன்றை எடுத்துக் குடித்தார்.

"கடல்னு சொன்னியே, உப்பே இல்லையே?"

"அது அருவித் தண்ணிம்மா."

நான் சிரித்ததைப் பார்த்துப் பணியாளர் என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கீழே கைவிட்டாலும் மேலாக இருப்பது நல்ல தண்ணீர்தான் என்றார். மழைநீர் கனம் குறைவு, கடல்நீரின் மேல் தனி அடுக்காக மிதக்கிறது. காட்டின் இலைதழைச் சாயம் இறங்கித் தேநீர் நிறத்தில் இருப்பதால் வெளிச்சத்தையும் மறைத்துவிடுகிறதாம். அந்த இருட்டை நம்பி, ஆழ்கடலில் வளரவேண்டிய கருப்புப் பவளம் இங்கே பத்து மீட்டர் ஆழத்திலேயே வளர்கிறது. மொழிபெயர்த்துச் சொன்னேன். "நான் சரியாத்தானே சொன்னேன்" என்றார் அம்மா.

மைட்டர் சிகரத்தைக் கடைசிவரை பார்க்கவில்லை. அதில் எனக்கு இன்னமும் கொஞ்சம் வருத்தம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

மூன்று மணிக்கு மழை விட்டது. சுரங்கப்பாதையின் சிக்னலுக்காகப் பேருந்து நின்றபோது எதிர்ச் சுவரில் அருவிகள் மெலிந்துகொண்டிருந்தன. அம்மா கண்ணாடியில் விரல் வைத்து எண்ணினார். பதினாலு. ஈரக் காலுறையைக் கழற்றிப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தேன். "பதினொண்ணு" என்றார்.