அமுக்குணி நாயோடு இரண்டு வாரம்

மார்ச் 9, 2025, ஞாயிறு

இன்று ட்ரூப்பி என்ற கார்ட்டூன் நாயின் படங்களை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினேன். ஹாலிவுட்டின் எம்ஜிஎம் ஸ்டூடியோ 1943 முதல் 1958 வரை திரையரங்குகளுக்காக வெளியிட்ட கார்ட்டூன் குறும்படங்கள், மொத்தம் 24. ஒவ்வொன்றும் சில நிமிடம்தான். துண்டு துண்டாக முன்பே பார்த்திருக்கிறேன். வரிசையாகப் பார்ப்பது இதுவே முதல் முறை.

முதல் படம் 'டம்ப்-ஹவுண்டட்'. சிறையிலிருந்து ஓநாய் தப்பிக்கிறது. மோப்ப நாய்களை அவிழ்த்துவிடுகிறார்கள். எல்லாம் குரைத்துக்கொண்டு பாய்ந்து போன பிறகு, கடைசியாக ஒரு குட்டை நாய் மெல்ல நடந்து வருகிறது. கன்னம் தொங்குகிறது, இமை பாதி மூடியிருக்கிறது. நம் பக்கம் திரும்பி, வணக்கம் சொல்லிவிட்டு, "நான்தான் இந்தப் படத்தின் ஹீரோ" என்கிறது. அதைச் சொல்லும் குரலில் துளி உற்சாகம் இல்லை.

அப்புறம் ஓநாய் எங்கே ஓடினாலும் அங்கே ட்ரூப்பி நிற்கிறது. எப்படி வந்தது என்று படம் காட்டுவதே இல்லை.

மார்ச் 10, திங்கள்

நேற்றைய படத்தில் ஓர் இடம் மனதை விட்டுப் போகவில்லை. ஓநாய் ஒரு திருப்பத்தில் தலைதெறிக்கத் திரும்பும்போது வேகம் தாங்காமல் வழுக்கி, பிலிம் சுருளின் ஓரத்துத் துளைகளையும் தாண்டி வெளியே போய்விடுகிறது. அங்கே வெறும் வெள்ளை. பிறகு தட்டுத்தடுமாறிப் படத்துக்குள் ஓடி வருகிறது. படத்தை விட்டே வெளியேறினாலும் அந்த நாயிடமிருந்து தப்ப முடியாது.

இயக்கியவர் டெக்ஸ் ஏவரி, டெக்சாஸ்காரர். வார்னர் ஸ்டூடியோவில் பக்ஸ் பன்னி முயலுக்கு உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர். 1940இல் அவர் எடுத்த 'எ வைல்ட் ஹேர்' படத்தில், துப்பாக்கியோடு நிற்கும் வேட்டைக்காரனுக்கு முன்னால் முயல் சாவகாசமாகக் கேரட் கடித்துக்கொண்டு நிற்கும். பயப்பட வேண்டியவன் பயப்படாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அங்கேயே யோசித்துவிட்டார். ஆனால் முயலுக்கு வாய் நீளம், குறும்பு அதிகம். எம்ஜிஎம்முக்கு வந்தபின் அதையும் கழித்துப் பார்த்திருக்கிறார். மிச்சம் நின்றது ட்ரூப்பி.

மார்ச் 12, புதன்

இன்று படம் எதுவும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேட்டேன்.

பேசியவர் பில் தாம்சன். 'ஃபிபர் மெகீ அண்ட் மாலி' என்ற அமெரிக்க வானொலித் தொடரில், மனைவிக்கு நடுங்கும் வாலஸ் விம்பிள் என்ற அப்பாவி மனிதராக நடித்தவர். அதே குரல்தான் ட்ரூப்பிக்கும். மூக்கும் தொண்டையும் சேர்ந்து அடைத்துக்கொண்ட மாதிரி, ஒவ்வொரு சொல்லும் விழலாமா வேண்டாமா என்று தயங்கி விழுகிறது. டிஸ்னியின் 'பீட்டர் பான்' படத்தில் கொள்ளைக்காரன் ஸ்மீயாகப் பேசியதும் இவர்தான். வானொலியில் அடி வாங்கும் ஆளுக்கு இருந்த குரல், கார்ட்டூனில் யாராலும் அசைக்க முடியாத ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது எனக்குப் பெரிய அதிசயமாக இருக்கிறது.

மார்ச் 15, சனி

அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறாள். சாப்பிட்டதும் 'நார்த்வெஸ்ட் ஹவுண்டட் போலீஸ்' போட்டேன், 1946இல் வந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தேவையும் படவில்லை.

இதில் ட்ரூப்பி கனடாவின் குதிரைப் போலீஸ். ஓநாய் ஒளிந்துகொள்ள ஒரு சினிமாக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தால், திரையில் ஓடும் கார்ட்டூனிலேயே ட்ரூப்பி இருக்கிறது. மிருகக்காட்சி சாலையில் சிங்கத்தின் வாய்க்குள் புகுந்தால் அங்கேயும் அதுதான்.

"ஏன்டி, இது நகரவே மாட்டேங்குது, குத்துக்கல்லு மாதிரி நிக்குது, ஆனா எல்லா இடத்துலயும் இருக்குதே?" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "சரியான அமுக்குணி" என்றாள்.

நான் படத்தை நிறுத்திவிட்டேன். இத்தனை நாளாகத் தேடிய சொல் அது. ஆங்கிலப் பெயர் அதன் தொங்கிய கன்னத்தையும் துவண்ட முகத்தையும் மட்டுமே சொல்கிறது. அமுக்குணி என்றால் உள்ளே இருப்பதும் வந்துவிடுகிறது. வாயைத் திறக்காமல், முகத்தில் ஒன்றும் காட்டாமல், நினைத்ததை முடித்துவிடும் ஆள்.

கடைசியில் சிறைக்குள் ஓநாய்க்குச் சந்தேகம் வருகிறது, ஒன்றுக்கு மேல் இருந்திருக்குமோ என்று. வெளியே பார்த்தால் வரிசை வரிசையாக ட்ரூப்பிகள். அம்மா கைதட்டிச் சிரித்தாள். எனக்கு இந்த முடிவில் சின்ன வருத்தம். விடையே சொல்லாத முதல் படம்தான் எனக்குப் பெரிது.

மார்ச் 16, ஞாயிறு

காலையிலிருந்து ட்ரூப்பியை வரைந்து பார்க்கிறேன். வரையத் தெரிந்தவர்கள் சொல்வார்கள், ஓடுவதைவிட நிற்பதை வரைவது கடினம் என்று. இன்று புரிந்தது. திரையில் ஒரு நொடிக்கு 24 பிரேம். ஓநாய் கண் பிதுங்கி, தாடை தரையில் விழுந்து, உடம்பு துண்டு துண்டாகச் சிதறும்போது ஒவ்வொரு ஓவியமும் வேறு. எங்காவது கோடு பிசகினாலும் கண்ணுக்குத் தெரியாது. ட்ரூப்பி நிற்கும்போது பார்வை முழுக்க அதன்மேல். இமை ஒரு மயிரிழை மேலே போனால் ஆச்சரியம், கீழே போனால் தூக்கம். இரண்டுக்கும் நடுவில்தான் அந்த முகம் இருக்கிறது.

பதினோரு தாள் வீணாயிற்று. பன்னிரண்டாவதில் மூக்கு மட்டும் சரியாக வந்திருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

1943இல் இதே மார்ச் 20 அன்றுதான் 'டம்ப்-ஹவுண்டட்' வெளியானது. 82 வருடம். அதை மறுபடி பார்த்தேன், கடைசிக் காட்சிக்காகவே. ஓநாயைப் பிடித்ததற்குக் கட்டுக் கட்டாகப் பணம் கிடைக்கிறது. அந்த ஒரு முறை ட்ரூப்பி வெடிக்கிறது. கத்திக் குதித்து ஆர்ப்பாட்டம் செய்துவிட்டு, சட்டென்று பழைய முகத்தோடு நின்று, தான் சந்தோஷமாக இருப்பதாக நம்மிடம் தெரிவிக்கிறது. அத்தனையும் உள்ளே இருந்திருக்கிறது, பாருங்கள்.

ட்ரூப்பி என்ற பெயர் படத்தில் வந்தது 1949இல், 'செஞோர் ட்ரூப்பி'யில். ஆறு வருடம் அந்தப் பெயரே இல்லாமல் ஓடியிருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

இன்றோடு முடிந்தது. 1953இல் வந்த 'த்ரீ லிட்டில் பப்ஸ்' பற்றி எழுதியே ஆகவேண்டும். இதில் ஓநாய், நாய் பிடிக்க வருகிறவன். டாஸ் பட்லர் அவனுக்கு இழுத்து இழுத்துப் பேசும் அமெரிக்கத் தென்மாநிலக் குரல் கொடுத்திருக்கிறார். என்ன அடி விழுந்தாலும் அவனும் பதறுவதில்லை, விசிலடித்துக்கொண்டே அடுத்த வேலையைப் பார்க்கிறான். அமுக்குணிக்கு எதிரில் இன்னொரு அமுக்குணி! எல்லாப் படத்திலும் எனக்குப் பிடித்தது இதுதான்.

ஏவரி எம்ஜிஎம்மை விட்டுப் போன பிறகு மைக்கேல் லா இயக்கிய படங்களும் மோசமில்லை. அதில் 'ஒன் ட்ரூப்பி நைட்' 1957க்கான ஆஸ்கர் பரிந்துரையே பெற்றது. ஏவரி இயக்கிய ட்ரூப்பி படம் ஒன்றுக்குக்கூட அது கிடைக்கவில்லை. இதை எழுதும்போது கோபமாக வருகிறது.

அம்மா நேற்று ஊருக்குக் கிளம்பும் முன் என் ஓவியங்களைப் புரட்டிப் பார்த்தாள். முப்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "இது தூங்குது" என்று கீழே வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். "இதுவும்." அப்புறம் ஒன்றை எடுத்தவள் எதுவும் சொல்லாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

எதை எடுத்தாள் என்று இன்று தேடிப் பார்த்தேன். பன்னிரண்டாவது.