பழைய காசில் கொலுசு: முதலில் ஆண்டைப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணங்களில், அப்பாவுக்குப் பின் மகன் என்று நடக்கும் பத்தர் பட்டறைகளுக்கு, "பாட்டி வச்சிருந்த காசு, இதையே கொலுசாக்கிக் கொடுங்க பத்தரே" என்று வருபவர்கள் உண்டு. அழகான ஆசை. ஆனால் எல்லாக் காசும் கொலுசாகாது.

நீரிணைக் குடியேற்றங்களின் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய அன்றைய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) ஒரு டாலர் காசு 1903-இல் 26.95 கிராம், 90 சதவீத வெள்ளி. 1907-இல் எடை 20.21 கிராமாகக் குறைந்தது, தரம் அப்படியேதான். 1919, 1920 காசுகளில் பாதிதான் வெள்ளி. முதல் இரண்டு வகையில் 100 கிராமை நகைக்கு வேண்டிய 92.5 சதவீத வெள்ளித் தரத்துக்கு உயர்த்த 33 கிராம் சுத்த வெள்ளி சேர்த்தால் போதும். பாதி வெள்ளிக் காசுக்கோ 567 கிராம் வேண்டும்! அதைக் காசாகவே வைத்துக்கொள்ளச் சொல்வதுதான் நேர்மையான பட்டறைக்கு அழகு.

உருக்கும் கிண்ணமான மூசையில் வெங்காரமும் (போராக்ஸ்) மேலே கரித்துண்டும் போட்டு உருக்குங்கள். இவை காற்றுப் படாமல் காக்கும். இல்லாவிட்டால் உருகிய வெள்ளி காற்றிலுள்ள ஆக்சிஜனைக் குடித்து, இறுகும்போது கக்கும். கட்டிக்குள் பொத்தல் விழும். கம்பி இழுக்கும்போது சரியாக அந்த இடத்தில்தான் அறும்.

இழுக்க இழுக்கக் கம்பி விறைக்கும். மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சினால் மறுபடி இளகும். இதை நிழலில்தான் செய்ய வேண்டும். வெயிலில் அந்தச் சிவப்பு தெரியாமல் சூடு மீறிவிடும்.

காய்ச்சியதில் கம்பிமேல் வந்த கறுப்பை எடுக்க, நீர்த்த கந்தக அமிலம். அதில் இரும்பு இடுக்கியை விடாதீர்கள், வெள்ளிமேல் செம்பு படியும். செம்பு இடுக்கியே சரி.